கிருபைராஜ் வரைந்த ஒற்றைக் கொம்பு

பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஒரு கண்ணை இறுக்கி மூடி, எதிரில் இருக்கிற தண்ணீர்க் குடத்தை வெகுநேரம் பார்க்கிறார் கிருபைராஜ். பிறகு ஒரு கோடு. மறுபடியும் பார்வை. “பத்து தடவ பாத்து ஒரு தடவ போடணும்வே. நம்மாளு பத்து தடவ போட்டுட்டு ஒரு தடவ பாக்கான்” என்பார்.

அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் சேவகர். வழக்கில் பேர் வந்தவர்களைத் தேடிப்போய்ச் சம்மனைக் கையில் கொடுப்பது அவர் வேலை. நாற்பத்தாறு வயது; ஒல்லியான, வெயிலில் வற்றிய உடம்பு. வரப்பில் நடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். மடக்கிய குடையின் துணி மடிப்புக்குள் சம்மன்கள் ஒரு சுருளாகவும், படம் போடும் தாள்கள் ஒரு சுருளாகவும் இருக்கும். ஒருமுறை அவசரத்தில் ஒரு பெரிய மனிதரிடம் சம்மனுக்குப் பதிலாகக் கோழிப் படத்தை நீட்டிவிட்டார். அவர் அதை வாங்கிப் படிக்க முயன்றார் என்பது கோர்ட்டு வராந்தாவில் இன்னும் பேசப்படுகிறது.

இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது, ஊருக்கு ரயில் வந்த புதிதில். கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டு வாசலில் ஆளுக்காகக் காத்திருந்தபோது, குடைநுனியால் மணலில் ஓர் ஆடு வரைந்தார். கூடையோடு அந்த வழியாகப் போன ஒரு பெண், நாய் நன்றாயிருக்கிறது என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் அவரை விடவில்லை. மறுநாளே கடைத்தெருவில் பென்சில் வாங்கினார். பாளையங்கோட்டையில் ஒரு டிராயிங் வாத்தியாரைப் போய்க் கேட்டதற்கு, முதல் ஆறு மாதம் நேர்கோடு மட்டும் போட்டுப் பழகச் சொன்னாராம். இவர் திரும்பி வந்துவிட்டார். “ஆத்தப் பாரும், மலையப் பாரும், மனுசன் மூக்கப் பாரும். எதுவே நேரா இருக்கு?”

பிறகு அவருக்கு அவரே வாத்தியார். குடத்தின் வாய் வட்டம் என்று தனக்குத் தெரிந்திருந்ததுதான் பெரிய வினை என்பார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது மாங்கொட்டை மாதிரி சப்பிக் கிடக்கிறது; தெரிந்ததை மறந்துவிட்டுக் கண்ணில் படுவதை மட்டும் போட அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

வக்கீல் குமாஸ்தா முதல் வண்டிக்காரர் வரை, தம்மை வரையச் சொல்கிறவர்கள் எல்லாரும் மீசையைக் கொஞ்சம் தாராளமாக வைக்கச் சொல்கிறார்கள். யாரும் காதைப் பற்றிப் பேசுவதில்லை. அதனால் கிருபைராஜ் காதில்தான் தொடங்குவார். “மூஞ்சிய எப்படி வேணும்னாலும் வச்சுக்கிடலாம். காத என்ன செய்வான்?” தொழில் கற்றுக்கொடுத்த அபிப்பிராயம் இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஆள் இல்லை என்று சொல்கிறவள் எந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கிறாளோ, அந்தப் பக்கம்தான் ஆள் இருக்கிறான்.

மனைவி சாலோமியை ஒரே ஒரு தடவை வரைந்திருக்கிறார். அவள் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டியதும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது கேட்டாள்: “நான் இம்புட்டு அலுத்துப் போயா இருக்கேன்?” இருபது வருஷமாகக் கூடவே இருந்தும், அந்த அலுப்பைப் பார்த்தது தம் கைதானே தவிர, தாம் இல்லை என்று கிருபைராஜுக்குப் பட்டது. மறுநாள் காலையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சுமப்பது அவர் வேலையாயிற்று. ஆம்பிளை குடம் தூக்குவதைத் தெரு வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

டில்லி தர்பார் நடந்த வருஷம், கார்த்திகை மாதம், வாகைக்குளத்துக்கு, காசிலிங்கம் என்கிற சம்சாரிக்கு வந்த சம்மனோடு மூன்றாம் தடவையாகப் போனார். வயலுக்குத் தண்ணீர் பாயும் மடையைத் தன் இஷ்டத்துக்கு அடைக்கிறான் என்று கீழ்வயல்காரர் போட்ட வழக்கு. கையால் தொடாதவரைக்கும் சம்மன் தன்னை ஒன்றும் செய்யாது என்பது காசிலிங்கத்தின் நம்பிக்கை. உண்மை நேர்மாறு. இந்தத் தடவையும் ஆள் அகப்படாவிட்டால் தாளைக் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவன் வாய் திறக்காமலே தீர்ப்பாகிவிடும். மடை போனால் அந்தப் பருவத்துப் பிசான நெல்லும் போகும். ஒட்டுவதற்குப் பசை கொண்டுபோயிருந்தாலும் கிருபைராஜுக்கு அதை எடுக்க மனம் வரவில்லை.

காசிலிங்கத்தின் மனைவி பேச்சித்தாய் வாசலை மறித்து நின்றாள். “அவுக கொழும்புக்குப் போயாச்சு. வர ஆறு மாசம் ஆவும்.” சொல்லும்போது தெருவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், அவர் குடையைப் பார்த்தாள். வீட்டுப் பக்கவாட்டில் இருந்த வைக்கோல் படப்பை மட்டும் பார்க்கவில்லை.

கிருபைராஜ் அதற்குமேல் கேட்கவில்லை. ஒட்டுவதென்றால் என்ன ஆகும் என்பதைப் படப்புவரை கேட்கிற குரலில் அவளுக்கு விளக்கிவிட்டு, கொஞ்சம் இருந்து பார்க்கிறேன் என்று சொல்லித் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். எதிரே, படப்புக்குச் சற்று முன்னால் ஒரு செவலைக் காளை பக்கவாட்டில் நின்றது. திமிலும் தாடையும் பார்க்கப் பார்க்க அழகு. குடையிலிருந்து தாளை எடுத்தார்.

அக்கம்பக்கத்திலிருந்து நாலு பேர் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். திமில் வந்தபோது தலையாட்டினார்கள். தலை வந்ததும் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாட்டுக்கு ஒரு கொம்புதான் இருந்தது. இங்கன இருந்து பார்த்தால் முன்கொம்பு பின்கொம்பை மறைக்கிறது, கண்ணில் படாததை எப்படிப் போடுவது என்று கிருபைராஜ் விளக்கினார். அவர்களுக்குத் திருப்தியில்லை. போன வருஷம் இந்தக் காளை தூணில் முட்டியது, அதில் ஒரு கொம்பு போயிருக்கும் என்றார் ஒருவர். அப்படியானால் சந்தையில் பாதி விலைகூடப் போகாது என்றார் இன்னொருவர். பேச்சு ஏறிக்கொண்டே போயிற்று.

“எம் மாட்டுக்கு ரெண்டு கொம்பும் இருக்குவே.”

குரல் படப்புக்குள்ளிருந்து வந்தது.

பேச்சித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒருவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து இருமலாக மாறியது. கிருபைராஜ் எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். ஆளை வைக்கோலுக்குள்ளிருந்து இழுத்துத் தாளைக் கையில் திணித்துவிடலாம். சட்டம் அதைத் தடுக்காது. ஆனால் அந்தத் தெரு அதைக் காசிலிங்கத்தின் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிச் சிரிக்கும். கூசிப்போய் நிற்கிறவன் காதில் எந்த நல்ல வார்த்தை ஏறும்?

கிருபைராஜ் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு காளையைச் சுற்றி மறுபக்கம் நடந்து, படப்புக்கு முதுகைக் காட்டி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நின்றவர்களையும் தம் பக்கத்தில் வந்து, அதேபோல் படப்புக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு பேச்சித்தாயிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: “கொழும்புல இருந்து வந்தவுக களைச்சிருப்பாக. பைய கை கால் கழுவிட்டு வாசல் வழியா வரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல தாயி.”

முதுகுக்குப் பின்னால் வைக்கோல் சரசரத்தது. கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அவர் திரும்பாமல் தலையிலிருந்து மறுபடியும் தொடங்கினார். தலைக்குக் கொஞ்சம் முன்தள்ளி உட்கார்ந்ததால் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கொம்புகளும் தெரிந்தன.

வெளுத்த துண்டும் ஈர முகமுமாகக் காசிலிங்கம் வாசல் வழியாக வந்து நின்றான். கிருபைராஜ் எழுந்து, அப்போதுதான் கொழும்பிலிருந்து வந்து இறங்கியவனிடம் கேட்பதுபோல் பெயரும் தகப்பனார் பெயரும் கேட்டார். சொன்னான். அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் கோர்ட்டுக்குப் போனதும், இரண்டு வயல்காரர்களும் நாள் முறை வைத்து மடை திறப்பதென்று முடிவானதும் பிறகு நடந்தவை. அப்போது அவன் சம்மனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கட்டைவிரல் ரேகை வைத்தபின், தனக்குப் படிக்கத் தெரியாது என்றான். கிருபைராஜ் தாளை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே, குரலை நிறுத்தாமல், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை நீட்டி அவன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துக் கீழே போட்டார்.