தகட்டில் இல்லாத நூற்றைம்பது கிலோ

கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் விவேக் ஏழு வருடம் வேலை பார்த்தான். வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டி, தகரமும் பலகையும் கண்ணாடியும் ஏறி வெளியே போகும்போது எத்தனை கிலோ கூடியிருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவான். பத்துக் கிலோ இப்படி அப்படி இருக்கும். அதற்கு மேல் தப்பாது.

இப்போது மெல்பர்னில் நாலாவது வருடம். கிரான்பர்னில், இலங்கைத் தமிழரான இந்திரகுமாரின் ட்ரெய்லர் கட்டி விற்கும் யார்டில் வேலை. விசா அந்த வேலையோடு ஒட்டியது. வேலை போனால் சில மாதத்துக்குள் இன்னொரு முதலாளி கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் ஊருக்கு டிக்கெட். குடியிருப்பு, இந்திரகுமாரின் வீட்டுப் பின்வளவில் உள்ள ஓர் அறை வீடு. காலையில் அவர் காரிலேயே வேலைக்குப் போவான். மாலையில் அதே காரில் திரும்புவான்.

"நீங்க அண்ணன் கண்ணுல படாத நேரம் குளிக்கிற நேரந்தான்" என்பாள் ப்ரீத்தி. "அதுலயும் தண்ணி ரொம்ப நேரம் ஓடுனா அங்கிருந்து எட்டிப் பார்க்கிறாரு."

இந்திரகுமார் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வெறுப்பதற்காவது ஒரு வழி இருந்திருக்கும். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனவர் அவர்தான். ப்ரீத்திக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் அரை நாள் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அவர் மனைவி தாட்சாயினி வாரத்தில் மூன்று நாள் புட்டோ கறியோ கொடுத்தனுப்புவாள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும் ப்ரீத்தி, குசினி அடுப்பருகே ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவாள்.

நிரந்தரமாகத் தங்கும் விசாவுக்கான பரிந்துரைப் படிவத்தில் முதலாளி கையெழுத்துப் போடவேண்டும். விசா ஏஜென்ட் அனுப்பிய அந்தப் படிவம் மூன்று வாரமாக யார்ட் அலுவலக மேசை இழுப்பறையில் கிடந்தது. கேட்டால், "ஆறுதலா வாசிச்சுப்போட்டு வைக்கிறன் தம்பி, உம்மட அலுவலை நான் விடுவனோ" என்பார். கையெழுத்து ஆகி, விசா கையில் வந்ததும் சிட்னிக்குப் போய்விடுவது என்று விவேக்கும் ப்ரீத்தியும் முடிவு செய்திருந்தார்கள். அங்கே ரயில் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் அவனோடு படித்தவன் இருந்தான். அதே ஊரில், ஹோம்புஷில், ப்ரீத்தியின் பெரியம்மா மகள் இருந்தாள். அந்தத் திட்டத்தைப் பின்வீட்டுக்குள்கூட அவர்கள் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

யார்டின் வேலியோரம் பதினாலடி வெள்ளைப் பெட்டி ட்ரெய்லர் ஒன்று பதினொரு மாதமாக நின்றது. மண் பாதைப் போட்டிகளில் பைக் ஓட்டும் ஒருவர் ஆர்டர் கொடுத்து, உள்ளே அலமாரியும் மடக்குக் கட்டிலும் வேண்டும் என்று கேட்டு, விவேக் அவற்றைப் பொருத்தி முடிக்கும் நேரத்தில், மனம் மாறிப் போய்விட்டார். வெறும் பெட்டியின் எடையைப் பொறித்த தகடு, அலமாரி ஏறுவதற்கு முன்பே அடிக்கப்பட்டது. எண்ணூற்று அறுபது கிலோ என்றிருந்தது. விவேக் அதை மண் விற்கும் யார்டின் எடைமேடைக்கு இழுத்துப்போய் நிறுத்திப் பார்த்தான். ஆயிரத்துப் பத்து.

"பிறகு தகட்டை மாத்துவம்" என்றார் இந்திரகுமார். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

ஒரு சனிக்கிழமை முற்பகல் சச்சிதானந்தன் வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், தமிழ்ப் பள்ளியில் இந்திரகுமாரோடு கமிட்டியில் இருப்பவர். கூடவே மகள் லக்சிகா. பதினைந்து வயது. மண் மேடுகளில் பைக் பாய்ச்சும் போட்டிகளில் மாநில அளவில் ஓடுகிறவள். அப்பாவுக்கும் ஒரு பைக் உண்டு. அதில் அவர் அதிகமும் விழுவார் என்று மகளே சொன்னாள். இதுவரை திறந்த ட்ரெய்லரில் கொண்டுபோனார்கள். மழை, தூசி, போன மாதம் மோட்டல் வாசலில் பூட்டை அறுத்து யாரோ பைக்கைத் திருடப் பார்த்தது எல்லாம் சேர்ந்து, மூடிய பெட்டி வாங்குவது என்று முடிவாகியிருந்தது. மூன்று வாரத்தில் கிப்ஸ்லாந்து மலைப்பக்கம் போட்டி.

"எனக்கு இந்த விசயத்தில ஒண்டும் தெரியாது தம்பி" என்றார் சச்சிதானந்தன். "வெள்ளைக்காரன்ர கடை நாலு ஏறி இறங்கிப்போட்டன். அவன் சொல்லுறது விளங்குது, நம்பத்தான் ஏலாமக் கிடக்கு. நீங்கள் எங்கட ஆக்கள். எது சரியெண்டு நீங்களே சொல்லுங்கோ."

"வாங்க சார், பார்க்கலாம்."

"சார் எண்டாதேயும். ஆரோ எனக்குப் பின்னால நிக்கிற மாதிரிக் கிடக்கு."

விவேக் யார்டைச் சுற்றிக் காட்டினான். இரண்டு பைக்கையும் ஒரே பக்கம் பார்க்க ஏற்றினால் ஹேண்டில்பார்கள் இடித்துக்கொள்ளும். ஒன்றை முன்பார்க்கவும் மற்றதைப் பின்பார்க்கவும் நிறுத்தவேண்டும் என்றான். பைக்கைப் பட்டியால் இழுத்துக் கட்டும் வளையம் சுவரில் இருந்தால் போதாது, தரைச் சட்டத்தில் இருக்கவேண்டும். சாய்தளம் குட்டையாக இருந்தால் ஏற்றும்போது பைக்கின் வயிறு விளிம்பில் தட்டும். பக்கக் கதவு இல்லாத பெட்டியில் பைக்கைக் கட்டிவிட்டு வெளியே வர அதன் மேலேயே ஏறித் தாண்டவேண்டும். பெட்ரோல் வாடை வெளியேற மேலும் கீழும் காற்றுவழி வேண்டும்.

"அதெல்லாம் இதில இருக்கு" என்றார் இந்திரகுமார். அவர் வெள்ளைப் பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தார்.

லக்சிகா ஏறிப்போய் உள்ளிருந்து கத்தினாள். "அப்பா! இட்ஸ் காட் எ பெட்!"

"பிள்ளைக்குப் பிடிச்சுப்போச்சு. பிறகென்ன?" என்றார் இந்திரகுமார்.

சச்சிதானந்தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். தன் கார் இழுக்கக்கூடிய எடை, பைக்குகளின் எடை, கருவிப்பெட்டி, தண்ணீர்க் கேன், கூடாரம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். குனிந்து தகட்டைப் படித்தார்.

"எண்ணூற்றறுபது. மோட்டச்சைக்கிள் ரெண்டும் நூற்றெண்பது. மற்றச் சாமான் நூற்றிருபது. ஆயிரத்து நூற்றறுபது. என்ர கார் ஆயிரத்திருநூறு இழுக்கும். நாப்பது கிலோ மிச்சம்."

"உங்களுக்கெண்டே செய்த மாதிரி" என்றார் இந்திரகுமார்.

"நான் மருந்துக்கடைக்காரன். லேபிளில என்ன போட்டிருக்கோ அதுதான் எனக்கு வேதம்."

விவேக் தரையைப் பார்த்தான். உண்மையில் அந்தக் காருக்கு நூற்றுப் பத்துக் கிலோ அதிகம். மலைச் சரிவில், மரம் ஏற்றிய லாரிகள் பின்னால் வர, கார் ட்ரெய்லரை இழுக்காது. ட்ரெய்லர்தான் காரைத் தள்ளும். முன் இருக்கையில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். அவன் இந்திரகுமாரைப் பார்த்தான். அவர் இவனைப் பார்க்கவில்லை. இங்கே ரகசியமாகச் சொல்ல இன்னொரு மொழியும் இல்லை. எல்லாருக்கும் தமிழ் தெரியும்.

"தூசி உள்ளுக்குப் போகாதெண்டு என்ன நிச்சயம்?" என்று கேட்டார் சச்சிதானந்தன்.

"அதைத் தம்பி காட்டுவார்" என்றார் இந்திரகுமார் உற்சாகமாக. "ரெண்டு பேரும் உள்ளுக்குப் போங்கோ. நான் வெளியால பூட்டுறன். எங்கையாவது வெளிச்சம் தெரிஞ்சா அதால தூசியும் வரும். தெரியாட்டி, உங்கட அதிர்ஷ்டம். காற்றுவழி ரெண்டையும் அடைச்சுத்தான் விடுறன்."

அந்தச் சோதனை இந்த யார்டில் வழக்கம். லக்சிகா இறங்கினாள். இருவரும் ஏறினார்கள். பின்கதவும் அதுவேயான சாய்தளம் மேலெழுந்து மூடியது. வெளியே இரும்புத் தண்டுகள் விழுந்தன. பிறகு பக்கக் கதவு. உள்ளிருந்து திறக்கும் கொக்கி அதில் இன்னும் பொருத்தப்படவில்லை.

கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றாக இருந்தது. வெயிலில் நின்ற தகரம் உள்ளே அனலை இறக்கியது. ரப்பர் வாசனை.

"ஒரு பொட்டு வெளிச்சம் இல்லைத் தம்பி. திறமான சாமான்." சச்சிதானந்தனின் கை எங்கோ பலகையைத் தடவும் சத்தம் கேட்டது. "இந்த அலுமாரி நீர் செய்ததாம். நல்ல பாரமான பலகை. கட்டிலும் இரும்பு. என்ன வரும் இதெல்லாம்?"

விவேக் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான்.

"தம்பி?"

இந்த இருட்டில் தன் முகம் தனக்கே இல்லை என்பது விவேக்குக்கு ஒரு வசதியாக இருந்தது.

"நூத்தம்பது கிலோங்க. அது தகட்டுல இல்ல."

"என்ன?"

"அலமாரி போடுறதுக்கு முன்னாடி அடிச்ச தகடு. நானே எடை போட்டுப் பார்த்தேன். ஆயிரத்துப் பத்து. உங்க காருக்கு ஆகாதுங்க. பின்னாடி ஒன்னு நிக்குது பாருங்க, சின்னது, ஒத்தை அச்சு. நானூத்தி எண்பதுதான். கட்டில் கிடையாது. உங்களுக்கு அதுதான் சரி. இன்னும் வளையமெல்லாம் போடணும், மூனு வாரத்துல ஆகாது. போட்டிக்குப் பழையதிலேயே போய்ட்டு வந்துருங்க." மூச்சு விட்டான். "நான் சொன்னதா மட்டும் சொல்லிராதீங்க. உங்க பொண்ணுக்குக் கட்டில் பிடிக்கலைன்னு சொல்லுங்க, எதையாவது சொல்லுங்க. என் விசா அவர் கையில இருக்கு."

இருட்டுக்குள் சச்சிதானந்தன் மெல்லக் கூட்டினார். "ஆயிரத்துப் பத்து... ஆயிரத்து முந்நூற்றுப் பத்து." பிறகு, "என்ர கடவுளே" என்றார்.

விவேக் சுவரில் இரண்டு தடவை தட்டினான். திறக்கச் சொல்லும் அடையாளம் அது. கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினான். வெளியே இந்திரகுமாரின் குரல் பெண்ணிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவர் கேட்டுவிட்டார், அதனால்தான் திறக்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. கேட்டிருக்கமாட்டார் என்றும் தோன்றியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூன்றாம் முறை அவன் தட்டியது அறைந்தது போல இருந்தது.

"பொறும் தம்பி, பொறும்! உடைச்சுப்போடாதையும்!" தண்டு விலகியது. வெளிச்சம் வந்து மோதியது.

சச்சிதானந்தன் முதலில் இறங்கினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். விவேக்கின் தோளில் கை போட்டார். அவர் முகம் நன்றியில் கனிந்திருந்தது.

"இந்திரகுமார், உம்மட பொடியன் தங்கம்! தகடு பழசாம், நூற்றைம்பது கிலோ கூடவாம். வேற ஆரெண்டாலும் வித்துப்போட்டு இருந்திருப்பான். இப்பிடி ஒராள் கிடைக்க நீர் குடுத்து வச்சிருக்கவேணும்!"

முதலாளியிடம் பாராட்டினால் பையனுக்கு நல்லது நடக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

இந்திரகுமார் குனிந்து தகட்டைப் பார்த்தார். நிமிர அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அட, இன்னும் இதை மாத்தேல்லையோ? தம்பி, அண்டைக்கே உமக்குச் சொன்னனான் எல்லோ?"

"மறந்துட்டேண்ணா" என்றான் விவேக்.

"பாத்தீங்களோ அண்ணை. வேலை கூடிப்போச்சு, பாவம்." இந்திரகுமார் சிரித்தார். சின்ன ட்ரெய்லர் அன்றே பேசி முடிந்தது. லக்சிகா மட்டும் கட்டிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு காரில் ஏறினாள்.

மாலையில் காரில் போகும்போது இந்திரகுமார் வானிலையைப் பற்றிப் பேசினார். மறுநாளும் ஒன்றும் சொல்லவில்லை. வாரம் முழுதும் விவேக் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். திட்டியிருந்தால் தூங்கியிருப்பான். புட்டு வழக்கம்போல வந்தது. வெள்ளைப் பெட்டிக்கு அவனே புதுத் தகடு அடித்தான்; பெரிய வண்டி வைத்திருந்த ஒருவர் அதைக் கொண்டுபோனார். படிவம் இழுப்பறையிலேயே கிடந்தது.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சச்சிதானந்தன் மருந்துக்கடையில், தமிழ்ப் பள்ளியில், மண் பைக் ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோரிடத்தில் எல்லாம் சொல்லியிருந்தார். வந்தவர்கள் இந்திரகுமாரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "அந்த உண்மை சொல்லுற பொடியன் எங்கை?" வெள்ளைக்காரர்களும் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். இந்திரகுமார் யார்ட் வாசலில் புதுப் பலகை வைத்தார். அதில் விவேக்கின் படம், கையில் அளவு நாடாவோடு, ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது. ப்ரீத்தி அதைப் பார்த்துவிட்டு, "எலக்சன்ல நிக்கிறீங்களா?" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் இந்திரகுமார் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்து, தாட்சாயினி தட்டுகளை எடுத்தபின், மேசையில் அந்தப் படிவத்தை விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வாசிச்சுப்போட்டன். எல்லாம் சரி." பேனாவைத் திறந்தார். "சிட்னிப் பக்கம் போற யோசனையாம். தாட்சாயினி சொன்னவள்."

ப்ரீத்தி மேசைவிரிப்பின் பூவை விரலால் அழுத்தினாள்.

"அது சும்மா பேச்சுக்குண்ணா" என்றான் விவேக்.

"எனக்குக் கோபமில்லைத் தம்பி. சின்ன ஆக்கள், யோசிப்பீங்கள்தானே. ஆனா நீர் இல்லாட்டி இப்ப அந்த யார்ட் இல்லை. சனம் உம்மட முகத்துக்குத்தான் வருகுது. அடுத்த மாசம் பின்வீட்டுக்கு இன்னொரு அறை இறக்கிக் கட்டுறன். பிள்ளை குட்டி எண்டு வந்தால் இடம் வேணும்தானே." பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. "அஞ்சு வருஷம் நில்லும். வேற ஆரெண்டாலும் எழுதி வாங்குவன். உம்மட்ட வேண்டாம். நீர் பொய் சொல்லமாட்டீர். வாயால சொல்லும், போதும்."

குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. தாட்சாயினி துவாயால் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். இப்போது சரி என்று சொல்லிவிட்டு, விசா வந்ததும் போய்விடலாம் என்று விவேக் நினைத்தான். எத்தனையோ பேர் சொல்கிறார்கள், எத்தனையோ பேர் போகிறார்கள். பிறகு சச்சிதானந்தனின் முகமும், தேடி வந்த அத்தனை பேரின் முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ப்ரீத்தி அவனைப் பார்க்கவில்லை.

"இருக்கேண்ணா."

"எத்தினை?"

"அஞ்சு வருஷம்."

இந்திரகுமார் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார்.

"இண்டைக்கு என்ன திகதி தம்பி?"

விவேக் சொன்னான். அவர் கையெழுத்துக்குக் கீழே அதை எழுதிக்கொண்டார்.