மாந்தைத் துறைமுகத்தில் ஆளில்லை

போன கிழமை என் வகுப்பில் ஓர் இராச்சியம் கவிழ்ந்தது. படையெடுப்பு இல்லை, பஞ்சமும் இல்லை. ஆட்களை அனுப்பி வைக்கப் போனதால் கவிழ்ந்தது.

சொல்கிறேன்...

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு, தினமும் மட்டக்குளி பஸ்ஸில் தொங்கியபடி கொட்டாஞ்சேனைக்குப் போய், எட்டாம் வகுப்புக்குச் சரித்திரம் படிப்பிக்கிறவள் நான். இந்தத் தவணைப் பாடம், இடைக்காலத்து வணிக இராச்சியங்கள் எப்படிச் செல்வம் சேர்த்தன என்பது. புத்தகத்தில் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பாடமாக்கிப் பரீட்சையில் கொட்டிவிட்டு, வாசலைத் தாண்டும்போதே மறந்துவிடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. அதனால் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன்.

மேசைகளை நாலு மூலைக்கும் இழுத்துப் போட்டோம். ஒரு மூலை அரபுக்கரை ஏடன், ஒன்று ஆபிரிக்கக் கரையின் கில்வா, வாசலோர மூலை ஸ்ரீவிஜயம், மற்றது நம்முடைய மாந்தை. மன்னார்ப் பக்கம், ஒரு காலத்தில் தூரதேசத்துக் கப்பல்களெல்லாம் வந்து நின்ற துறை. ஏலக்காய், கறுவா, கராம்பு எல்லாம் என் குசினியிலிருந்து போனவை. தங்கத்துக்கு மஞ்சள் தாள் சுற்றிய டொபி. கப்பல் என்றால் ஒரு பிள்ளையும் அதன் கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும்.

காற்றுக்கு எங்கே போவது? சீலிங் ஃபேன்தான்!

ஃபேன் சுழன்றால் சோளகக் காற்று வீசுகிறது, கப்பல் கிழக்கே போகலாம். நிறுத்தினால் நின்ற துறையிலேயே நிற்க வேண்டும். நிற்கிற வியாபாரி சாப்பிட வேண்டும், சரக்கு வைக்க இடம் பிடிக்க வேண்டும், அரசனுக்கு வரி கட்ட வேண்டும். அந்த இராச்சியங்களில் பணம் கொழித்தது அப்படித்தானே? தாங்கள் விளைவித்ததை விற்றுச் சேர்த்தது ஒரு பங்கு என்றால், காற்று மாறும்வரை மற்றவர்கள் காத்துக் கிடந்ததில் சேர்ந்தது பல பங்கு. இது பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஃபேனைப் போட்டேன். மாந்தையிலிருந்து ஒரு கப்பல் ஸ்ரீவிஜயத்துக்குப் புறப்பட்டது. உடனே அரசி, மந்திரி, சுங்க அதிகாரி, கடைக்காரர் — மொத்த மாந்தையும் எழும்பிக் கப்பலோடு நடந்தது. வாசலோரம் வரிசையாக நின்று கை காட்டியது. ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்தாள். திரும்பி வந்து பார்த்தால், கில்வாக்காரர்கள் மேசையை வழித்து எடுத்திருந்தார்கள். ஒரு கராம்பு மிச்சமில்லை.

சந்தையை விட்டுவிட்டு ஊரே கிளம்பிப் போகிற இராச்சியத்தை எந்தச் சரித்திரத்தில் கண்டீர்கள் என்று அதட்டினேன். மாந்தையின் அரசி தர்ஷிகா. பதின்மூன்று வயது, அதிகம் பேசாதவள். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“அனுப்பப் போகாம எப்பிடி டீச்சர் இருக்கிறது?”

சிரித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தால், அந்தப் பிள்ளைகளிடம் என்ன பிழை? நம்மில் ஒருவர் வெளிநாடு போனால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் பிடிக்கிறோம். போகிறவர் ஒருவர். ஏறுகிறவர்களோ பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அன்ரி, அவருடைய கைக்குழந்தை... ஒருவர் மடியில் ஒருவர். அங்கே கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவரின் பின்தலை மறையும்வரை கை காட்டுகிறோம். வருகிற வழியில் எங்காவது இறங்கி, ஒன்றும் பேசாமல் பிளேன்டீ குடிக்கிறோம். இதையே பார்த்து வளர்ந்ததுகள் கப்பலை மட்டும் தனியே விடுமா?

அடுத்த நாள் பள்ளி விடுகிற நேரம் தர்ஷிகாவின் அம்மா கேற்றடியில் எனக்காக நின்றார். தோஹாவில் ஒரு வீட்டில் வேலை. ஒரு மாத லீவில் வந்தவர், வியாழக்கிழமை மத்தியானம் திரும்பிப் போகிறார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“வியாழக்கிழம தர்ஷிய ஸ்கூல்லயே புடிச்சு வச்சுக்குங்க டீச்சர். போன தடவ அவ கதவுகிட்ட நின்னு அழுததுல நான் பெட்டியோட வெளிய வந்திட்டேன். அவங்க அப்பாதான் கெஞ்சித் திருப்பி அனுப்பினாரு. இந்தத் தடவையும் அவ வந்தா என்னால உள்ள போக ஏலாது.”

போகாவிட்டால் வீட்டு நிலைமை என்னாகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதற்கு என்ன சொல்வீர்கள்? பெற்ற தாயை வழியனுப்பாதே என்று ஒரு பிள்ளையைத் தடுக்க நான் யார்? ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபடி மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டேன்.

வகுப்பில் அறிவித்தேன்: வியாழக்கிழமை இரண்டு பாடவேளையும் சேர்த்து இறுதி ஆட்டம். மாந்தை இழந்ததை மீட்கலாம். அரசி கட்டாயம் வந்தாக வேண்டும்! தர்ஷிகா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “ஓம் டீச்சர்” என்றாள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மெச்சுதல் வடிந்துவிட்டது. எங்கள் ஃபிளாட்டில் இது ஜன்னல் சாத்துகிற காலம். ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருக்கும், உப்புக்காற்று கண்ணாடியெல்லாம் பிசுபிசுக்கும். என் மகன் மெல்பேர்னுக்குப் போய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அவனுடைய அறைக்குப் போய் இடைக்கிடை ஃபேனைப் போட்டுவிடுவேன். அறை பூஞ்சணம் பிடிக்கக்கூடாது என்பது சாட்டு. அது சுழல்கிற சத்தம் கேட்டால், உள்ளே அவன் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். அதுதான் உண்மை.

அந்தக் கண்ணாடிக் கதவடியில் அவனிடம் “கவனம் ராசா” என்று மட்டும் சொன்னேன். எப்ப வருவாய் என்று கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குப் பாரமாகிவிடுமே... இன்றைக்கும் போனில் சாப்பாடு, குளிர், வேலை என்று எல்லாம் கதைப்போம். வருகிற கதை வந்தால் “பாப்பம் அம்மா” என்பான். நானும் பாப்பம் என்பேன். அவனை எனக்குத் தேடுகிறது. இதை அவனிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.

வியாழக்கிழமை வந்தது.

ஃபேனைப் போட்டேன். மாந்தைக் கப்பல் புறப்பட்டது. எத்தனை தரம் சொல்லியும் என்ன பயன்? மந்திரி எழும்பினான், சுங்க அதிகாரி எழும்பினாள், கடைக்காரர்கள் பின்னால் ஓடினார்கள். வாசலோரம் கை காட்டுதல் தொடங்கிவிட்டது. கில்வாக்காரர்கள் மெல்ல மெல்லக் கிட்ட வந்தார்கள்.

மாந்தையில் ஒரேயொரு ஆள் நின்றது. தர்ஷிகா. இரண்டு கையாலும் ஏலக்காய்க் குவியலைப் பொத்திக்கொண்டு, கில்வாவை முறைத்தாள். கில்வா பின்வாங்கியது.

நான் கிட்டப் போனேன்.

“நீ போகேல்லையா பிள்ளை?”

“யாராச்சும் நிக்கணும்தானே டீச்சர்.” சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். “இப்ப அம்மா போற வேன் பேலியகொட தாண்டியிருக்கும்.”

என்ன கெட்டித்தனம், என்ன இறுதி ஆட்டம்! அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாதாம், நான் அறிவித்த விதமும் சரியில்லையாம். அதனால் முதல்நாள் இரவு அவளாகவே அம்மாவிடம் போய், நான் வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள். சும்மா இல்லை, ஒரு நிபந்தனையோடு.

“அடுத்த தடவ அம்மாவ கூட்டிட்டு வரப் போற வேன்ல முன் சீட்டு எனக்கு. கதவால வெளிய வந்ததும் அம்மா மொதல்ல என்னயத்தான் பாக்கணும். அதுக்குச் சரின்னாத்தான் நான் இன்னைக்கு நிப்பேன்னு சொன்னேன்.”

“அம்மா என்ன சொன்னா?”

“சரின்னுட்டாங்க.”

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல், குனிந்துகொண்டு. கைகளை மட்டும் ஏலக்காயிலிருந்து எடுக்கவில்லை. வழியனுப்பப் போன மாந்தைக்காரர்கள் திரும்பி வந்து, விஷயம் விளங்காமலே அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அன்றைய ஆட்டத்தில் மாந்தைதான் வென்றது. கில்வாவும் ஆட்சேபிக்கவில்லை.

புத்தகத்துக் காரணங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். துறைமுகம் இருக்கிறது, காற்று இருக்கிறது, சரக்கு இருக்கிறது, வரி இருக்கிறது. கப்பல் போன பிறகு கரையில் நின்றவர்கள் பற்றி ஒரு வரி இல்லை. அவர்கள் என்ன வாங்கிக்கொண்டு கப்பலை விட்டார்கள்? இந்தப் பிள்ளை ஒன்றை வாங்கிக்கொண்டுதான் விட்டிருக்கிறாள். வணிகம் படிப்பிக்கிற நான் மகனை அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினவள்.

அன்று பின்னேரமே மெல்பேர்னுக்குப் போன் எடுத்தேன். சாப்பாடு, குளிர் ஒன்றும் கேட்கவில்லை. நீ வரேக்க வேனில் முன் சீட் எனக்கு என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த வேன் என்று கேட்டான். கட்டுநாயக்காவுக்குப் போகிற வேன் என்றேன். அவன் வழக்கம்போல “பாப்பம் அம்மா” என்றான்.

“பாக்கிறது இருக்கட்டும். நீ டிக்கெட்டைப் போடு ராசா, வேனை நான் பிடிக்கிறன்.”