அதே கம்ப்யூட்டரா?

திருக்கோகர்ணத்தில் என் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த பெண் அவர். ஹெல்மெட் அழுத்திய தலைமுடி. திரையில் வருவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் பழக்கம். என் பழைய கம்ப்யூட்டரை அப்படியே புதியதற்குள், கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராக ஓடும் விர்ச்சுவல் மெஷினாக ஏற்றித் தந்தார். எல்லாம் ஓடியது. கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருள் மட்டும் ‘உரிமம் செல்லாது’ என்றது. மாலைக்குள் ஒரு பத்திரிகை கொடுத்தாக வேண்டும்.

அந்த மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டார். “அதே கம்ப்யூட்டர்தானே?” என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லும்படி நான் சைகை காட்டினேன்.

“இல்லைங்க, மாத்தியிருக்கோம்” என்றார்.

அவர்கள் விசாரித்துப் புது உரிம எண் தர மூன்று மணி நேரமானது.

“ஆமான்னு சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமே?” என்றேன்.

“அடுத்த தடவை லாக் ஆனா, என்ன பொய் சொன்னோம்னு நான்தானேங்க யோசிக்கணும்?”

மாலையில் பத்திரிகை கேட்டுப் பெண்வீட்டார் வந்தார்கள். “அச்சுல இருக்கு” என்று வழக்கம்போல் சொல்ல வாயெடுத்தவன், “இன்னும் ஆரம்பிக்கலைங்க” என்றேன்.

“சரிங்க, காலையில வாரோம்” என்று சாதாரணமாகக் கிளம்பிப் போனார்கள்.