பால் வந்த டப்பா

கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் ஜலகண்டாபுரத்தில் தறிகள் எல்லாம் நின்றுபோயின. அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு சௌந்தர்யா அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல ஒரு பெண்.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். அக்காவைக் கொரோனா வார்டுக்கு மாற்றினார்கள். அவர் கணவர் குமரகுருவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

முதலில் மார் கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. பீய்ச்சி எடுக்க அக்காவுக்குத் தெம்பில்லை. சில நாளில் வலி தானாகக் குறைந்தது. அப்போதுதான் அவர் பயந்தார். பால் வற்றுகிறது. அதைச் சொல்லி அழக்கூட ஆளில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கண்ணை மூடிக் கிடந்தார்.

மாமியார் பூவாத்தாள் போனில் கேட்டார்.

"பாப்பாளுக்கு என்ன சாமி குடுக்கறாங்க?"

"தாய்ப்பால்தானுங்க அத்தை. இங்க தாய்ப்பால் வங்கி இருக்குது. வேற அம்மாக்க குடுத்ததைச் சூடு பண்ணிச் சுத்தமாக்கி வெச்சு, டியூப்ல விடறாங்களாம்."

"யாரு, எந்த ஊருன்னு கேட்டியா?"

"சொல்ல மாட்டாங்களாமுங்க."

அடுத்ததாகச் சாதியைக் கேட்கப் போகிறார் என்று அக்கா நினைத்தார். பூவாத்தாள் கேட்டது வேறு.

"குடுத்தவிய புள்ளைக்குப் பால் பத்துமா கண்ணு?"

உடம்பு தேறியதும் அக்காவைக் குழந்தையிடம் விட்டார்கள். நர்ஸ் வசந்தாமணி மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, பாலை மெல்லக் குழாயில் விட்டார். வயிறு நிறைந்ததும் குழந்தை தூங்கிவிட்டது. யாரோ ஒருத்தி பாலில் இவள் நன்றாகத்தானே இருக்கிறாள், இனி நான் எதற்கு என்று அக்காவுக்குத் தோன்றியதாம்.

வசந்தாமணி காலி டப்பாவைப் பால் வங்கிக்குத் திருப்பிக் கொடுக்க எடுத்தார். அக்கா சட்டென்று கேட்டார்.

"வெறும் டப்பாவாவா திருப்பித் தாரது?"

"பின்னே?"

"எங்க ஊட்டுல கொழம்பு வந்த கிண்ணத்தைக்கூட வெறுமனே தரமாட்டோமுங்க. நாலு வெங்காயமாவது போட்டுத்தான் குடுப்போம்."

வசந்தாமணி சிரித்துவிட்டார். "இதுல வெங்காயம் போட்டா என் வேலை போயிரும் தாயி. மொதல்ல உம் பொண்ணுக்குச் சுரக்கட்டும்."

உடம்புச் சூடு படட்டும் என்று குழந்தையை அக்காவின் வெறும் மார்பில் படுக்க வைத்துத் துணியால் கட்டினார்கள். அக்கா தினமும் அமுக்கிப் பார்ப்பார். விரல் நுனி நனையும், அவ்வளவுதான். தாய்மார்கள் தங்கும் ஹாலில் எல்லாரும் தள்ளித் தள்ளிப் படுத்திருந்தார்கள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. குமரகுரு போன் செய்தால், "பால் வருதுங்க, வருதுங்க" என்று அக்கா பொய் சொல்வார்.

ஒரு மத்தியானம் மார்பில் கிடந்த குழந்தை தலையைத் திருப்பி வாயைத் திறந்து தேடியது. கட்டியிருந்த துணி பாலில் நனைந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் ஊறியது. குழந்தை சப்பிக் குடிக்கப் பழகியது.

வீட்டுக்கு அனுப்பும் நாள் தெரிந்ததும், தானும் பால் கொடுக்க அக்கா வசந்தாமணியிடம் டப்பா கேட்டார். ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, கொடுக்கலாம் என்றார்கள். கிளம்பும் அன்று, குழந்தை குடித்த பின் பீய்ச்சியதில் டப்பாவின் அடிதான் மறைந்தது.

"இது எந்த மூலைக்குங்க?"

"இத்தினியூண்டுப் பசங்களுக்கு இது ரெண்டு வேளைக்கு ஆகும்."

மூடியை அக்காவே இறுக்கினார். வசந்தாமணி கை நீட்டியும் உடனே கொடுக்கவில்லை. யாருக்கு என்று கேட்க வாயெடுத்தார், கேட்காமலே கொடுத்துவிட்டார்.

வெளியே குமரகுரு ஒற்றை ஆளாக நின்றிருந்தார். வேறு யாரும் வரவில்லை, வரவும் கூடாது. கார் ஓமலூரைத் தாண்டும்போது பூவாத்தாள் போன் வந்தது.

"அந்தப் பால் குடுத்தவிய புள்ளைக்குப் பத்துச்சாமா?"

"தெரியலீங்க அத்தை," என்றார் அக்கா. "நானும் டப்பாவுல கொஞ்சம் வெச்சுட்டு வாரேன்."