குன்வோர் தன் மேலேயே எழுதிய புகார்

தப்பு செய்தவர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடிப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தப்பு செய்தது நான்தான், தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் மாதக்கணக்கில் கதவு கதவாகத் தட்டி, ஒருவரும் எழுதிக்கொள்ளாததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவள் பெயர் குன்வோர். வடக்கு நார்வேயில் கடலோரத்தில் இருக்கும் எங்கள் மருத்துவமனையில், திசு ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடமாக வேலை. நான் அதே பிரிவில் செயலாளர். கடிதம் அடிப்பதும் கோப்பைப் பூட்டி வைப்பதும் என் பாடு. குன்வோர் வெளித்தீவில் பிறந்தவள். பதினாறு வயதில் மீன் ஆலையில் கத்தி பிடித்து, அந்தச் சம்பளத்தில் படித்து எங்களிடம் வந்தாள். மெழுகில் புதைத்த கட்டியை ஒரு தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்காகச் சீவுவாள், கை நடுங்காது. பதினொன்றரைக்கு எல்லாரும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவளும் பிரிப்பாள். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி இரண்டு துண்டு, கறுப்புக் காப்பி, அவ்வளவுதான். வாயைத் திறந்தால் வெடுக்கென்று விழும் என்பதால் நாங்களும் அவளைச் சீண்டுவதில்லை.

எங்கள் தலைமை மருத்துவர் ஹல்வார்ட் ஓர் ஆய்வு நடத்தினார். தசை, கொழுப்பு போன்ற மென்மையான திசுக்களில் வரும் புற்றுநோயைப் பற்றியது. அறுத்தெடுத்த பிறகு யாருக்குத் திரும்பி வரும், யாருக்கு வராது என்று சொல்வது கஷ்டம். திரும்பினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். கட்டிக்குள் இருக்கும் ஒரு புரதம் இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்பது ஹல்வார்டின் கணிப்பு. சாயம் ஏற்றினால் அந்தப் புரதம் நிறைய இருக்கும் கட்டி அடர்பழுப்பாகும். இல்லாவிட்டால் வெளிறிக் கிடக்கும். அடர்பழுப்புக்காரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு நெஞ்சு ஸ்கேன், வெளிறியவர்களுக்கு வருடத்துக்கு ஒன்று என்று ஏற்பாடு. அந்தக் கடிதங்களை எல்லாம் அடித்து அனுப்பியது நான்.

பல வருடமாகச் சேர்த்து வைத்த கட்டிகளில் நாற்பது பேருடையதிலிருந்து பொட்டளவு துணுக்குகள் எடுத்து, ஒரே மெழுகில் வரிசையாக நட்டு, சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, ஒரே கண்ணாடித் தகட்டில் ஏந்துவார்கள். எது யாருடையது என்பதற்கு வரிசை எண்தான் கணக்கு. எந்தப் பக்கம் மேல் என்று தெரிவதற்காக ஒரு மூலையில் ஈரல் துணுக்கு ஒன்றையும் நடுவார்கள். ஆய்வின் இரண்டாம் தகட்டில், எண் நாற்பத்தொன்று முதல் எண்பது வரை உள்ளதில், குன்வோர் ஏந்தும்போது சீவல் தலைகீழாகத் திரும்பிவிட்டது. ஈரல் இருந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்கும். அது அடுத்த கட்டத்தில், சாயம் ஏற்றுவதற்கு முன் தகட்டைக் கொதிக்க வைத்தபோது கழன்று போயிருந்தது.

தகட்டை வாசித்த ஹல்வார்டுக்குமா தெரியவில்லை என்று கேட்பீர்கள். தெரியக் கூடாது என்பதுதான் எங்கள் முறை. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, யாருடைய கட்டி, எந்த வகைக் கட்டி என்று எதையும் பார்க்காமல் நிறத்துக்கு மட்டும் மதிப்பெண் போட வேண்டும். மனுஷன் ரொம்ப நேர்மையாக, நாற்பது பேருக்கும் வேறு யாருடைய மதிப்பெண்ணையோ போட்டு வைத்தார்.

மார்ச் மாதம் வேறொரு சாயத்துக்காக அதே மெழுகைச் சீவிய குன்வோர், பழைய தகட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அறுபத்தொன்றாம் எண் கொழுப்புக் கட்டி. நுண்ணோக்கியில் நுரை மாதிரி துளைத்துளையாகத் தெரியும். பழைய தகட்டில் அந்த இடத்தில் ஒரு துளைகூட இல்லை. தகட்டை அப்படியே திருப்பிப் பார்த்தாள். எல்லாம் சரியாகப் பொருந்தியது.

நேராக ஹல்வார்டின் அறைக்குப் போனாள். தபாலோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"இந்தத் தகட்டை நான் தலைகீழா ஏந்திட்டேன், ஹல்வார்ட். தப்பு என்னோடது. நாப்பது பேரையும் மறுபடி வாசிக்கணும்."

அவர் சிரித்தார். "குன்வோர், நீங்க உங்களையே இப்படி வருத்திக்கக் கூடாது. இத்தனை வருஷத்துல ஒரு தப்பு பண்ணதில்லையே நீங்க."

ஆய்வுக் கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது என்பதை அதற்கப்புறம்தான் சொன்னார். நிறம் தகட்டுக்குத் தகடு கொஞ்சம் மாறத்தான் செய்யும் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் தலைமை மருத்துவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், எல்லாரும் சமம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும்தான் அந்தச் சமம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

எங்களிடம் பிழையறிக்கை என்று ஒன்று உண்டு. எந்தத் தவறு நடந்தாலும் கணினியில் எழுதிப் போட வேண்டும். குன்வோர் தன் பெயரையே போட்டு எழுதினாள். அந்த அறிக்கை எங்கே போகும்? எழுதியவரின் நேர் மேலதிகாரியிடம். அதாவது ஹல்வார்டிடம். நாலே நாளில், "ஊழியருடன் உரையாடல் நடத்தப்பட்டது, முடிந்தது" என்று மூடினார். மறுபடி எழுதினாள், மூடினார். மூன்றாவதுக்கு, வேலைப்பளுவால் மனம் சோர்ந்திருக்கிறதா என்று விசாரிக்க ஊழியர் நல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள் இவளுக்குக் காப்பி கொடுத்து, தூக்கம் எப்படி என்று கேட்டாளாம். இவள் அங்கேயும் தகட்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள். என்ன அநியாயம் பாருங்கள். ஒரு மனுஷி என்னைத் தண்டியுங்கள் என்று கேட்கிறாள், அவர்கள் அவளுக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.

ஜூனில் கட்டுரை வந்தது. கேக் வெட்டினோம். அந்தக் கூட்டத்தில் குன்வோர் என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தாள்.

"பேர்ப் பட்டியல் உன் அலமாரியிலதானே இருக்கு? தகட்டை நேரா வெச்சுப் பார்த்தா அறுபத்தொண்ணும் நாப்பத்தி நாலும் நல்ல அடர்பழுப்பா இருக்கு. ரெண்டு பேருமே வெளிறினவங்கன்னு போயிருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஸ்கேன் எழுதுடி."

ரகசியக் காப்பு, உறுதிமொழி என்று ஏதேதோ உளறினேன். அவள் கேக் தட்டை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் அலமாரிப் பக்கமே நான் போகவில்லை. மூன்றாம் நாள் பூட்டைத் திறந்தேன். அறுபத்தொன்று, ஒட்னி என்ற பள்ளிக்கூடச் சமையல்காரி, வயது நாற்பத்தாறு. எந்த மருத்துவரின் கையெழுத்தும் இல்லாமல், ஸ்கேனுக்கு வரச் சொல்லி மருத்துவமனைத் தாளில் கடிதம் அடித்து அனுப்பினேன்.

ஜூலையில் நாடே விடுமுறையில் படுத்துக்கிடந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒட்னிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் பருப்பளவு ஒரு புள்ளி. ஒன்றே ஒன்று, எடுத்துவிடக்கூடிய இடம். எடுத்தும் விட்டார்கள். செப்டம்பரில், அவளுக்கு அறுவை செய்த மருத்துவர் மாரித், கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு இறங்கி வந்தாள். யார் எழுதச் சொன்னது என்று கேட்டாள். ஹல்வார்ட் என்னைப் பார்த்தார்.

குன்வோர்தான் எழுந்தாள். "நான் சொல்லித்தான் எழுதினா. திட்டறதுன்னா அப்புறம் திட்டு. முதல்ல இதைப் பாரு."

நுண்ணோக்கியில் தகட்டை வைத்தாள். மாரித் குனிந்து பார்த்தாள், தகட்டைத் திருப்பினாள், மறுபடி பார்த்தாள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. ஆறு மாதமாக ஒருவரும் செலவழிக்காத இரண்டு நிமிடம் அது. தர மறுஆய்வு செய்யும் எண்ணம் தனக்கும் இருந்ததாக ஹல்வார்ட் ஆரம்பித்தார். மாரித் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தத் தகட்டுல இன்னும் உயிரோட இருக்கறவங்க எத்தனை பேர்?" என்று என்னைக் கேட்டாள்.

பட்டியலின்படி பதினான்கு என்றேன்.

"எல்லாரையும் கூப்பிடு. கடிதம் வேண்டாம், ஃபோன். இன்னிக்கே."

குன்வோர் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். எண் வரிசைப்படி போனேன். மூன்றாவதாக நாற்பத்து நான்கு. ஓர் ஆண் எடுத்தார். யார், எங்கிருந்து என்று சொன்னேன்.

"அவளைப் போன வியாழக்கிழமை அடக்கம் பண்ணோம்," என்றார். "மே மாசத்துலேர்ந்தே இருமல். வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் போதும்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க. அதைப் பார்த்துட்டு, ஒண்ணும் இல்லை, சளிதான்னு சொல்லிட்டே இருந்தா."

ஃபோனை வைத்தேன். எந்த எண் என்று குன்வோர் கேட்டாள். சொன்னேன்.

"ஜூன்ல ரெண்டு நம்பர் கொடுத்தேனே."

கொடுத்தாள். கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று போனால் கைதவறிப் போனது என்று சமாளிக்கலாம், இரண்டு போனால் மாட்டிக்கொள்வேன் என்று அன்றைக்கு நான் கணக்குப் போட்டிருந்தேன். ஹல்வார்டை இத்தனை பக்கம் திட்டினேனே, அந்தக் கணக்கைப் போட்டது ஹல்வார்ட் இல்லை. அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த எண்ணில் விரலை வைத்தாள். "கூப்பிடு," என்றாள்.