கடதாசியில் ஓடிய புரோகிராம்

நெல்லியடியில் கொம்பியூட்டர் படிப்பித்த ஓர் அக்காவிடம் நான் படிக்கப் போனபோது, போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று வருடங்களாகியிருந்தன. மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி. புரோகிராமைக் கடதாசியில் எழுதிவிட்டு, கண்ணை மூடி, விரலை மேசையில் வரிவரியாக இறக்குவார். கொம்பியூட்டர் செய்யவேண்டியதை மனதுக்குள் செய்துபார்ப்பார்.

ஒருநாள் சி என்ற கொம்பியூட்டர் மொழியில் ஒரு சிறிய ஃபங்ஷன், ஒரேயொரு வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டு, எழுதியிருந்தார். ஆஸ்பத்திரி மருந்துகளை வகை, உள்வகை என்று மரம்போல் பிரித்திருந்தார். ஒரு வகையின் பெயரைக் கொடுத்தால், அதற்கு நேர்கீழே இருப்பவற்றை அது காட்டவேண்டும். அவற்றைப் பிள்ளைகள் என்பார்.

"பேரப்பிள்ளையளையும் காட்டுமோ அக்கா?" என்றேன்.

"இல்லை. அதுக்கு ஒவ்வொரு பிள்ளையிட்டையும் திரும்ப இதையே கேக்கவேணும்."

"பிள்ளையே இல்லாட்டி?"

"வெறுங்கையோடை திரும்பி வரும். அது பிழையில்லை, அதுவும் மறுமொழிதான்."

அதைக் கொம்பியூட்டரில் ஓட்டிப்பார்க்க, ஜெனரேற்றருக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய்தான் கிடைத்தது. பிழை வந்தால் திருத்தித் திரும்ப ஓட்ட அது காணாது. அவர் கடதாசியைப் பார்த்துத் தட்டி முடிக்கும்வரை மாணவர்கள் நாங்கள் சுற்றிநின்று பார்த்தோம். மருந்துப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

நாங்கள் கைதட்டினோம். அவர் திரையை ஒருதரம் பார்த்துவிட்டு, "காணும், ஜெனரேற்றரை நிப்பாட்டுங்கோ. மிச்ச எண்ணெய் நாளைக்கு உதவும்" என்றார்.

பிறகு நானும் புரோகிராம் எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்டேன். இப்போது மின்சாரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் நான் எழுதியவற்றில் முதல்தரத்திலேயே பிழையின்றி ஓடியது இன்னும் ஒன்றுகூட இல்லை.