இரண்டாவது கடற்பஞ்சுச் சாறு

டாக்டர் மங்களா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவருடைய தங்கை போன் செய்தபோது பாலிகஞ்ச் ரயில் நிலைய நடைமேடையில் நின்றிருந்தேன். வந்த ரயிலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது. அது இன்னும் தணியவில்லை.

கடற்பஞ்சு பாறையில் ஒட்டி வாழும் ஓர் உயிர். மன்னார் வளைகுடாவிலிருந்து எங்கள் கொல்கத்தா ஆய்வகத்துக்கு வரும். சாறு எடுப்பது வேதியியல்காரியான என் வேலை. அது வீக்கத்தையும் வலியையும் குறைக்கிறதா என்று எலிகளில் சோதிப்பது மங்களாவின் வேலை. எந்தக் குப்பியில் சாறு, எதில் வெறும் உப்புநீர் என்பது தமக்குத் தெரியக்கூடாது என்பதில் அவர் படு கறார். ஆகவே குப்பிகளில் சந்தேஷ், ரசகுல்லா என்று பெயர் ஒட்டிக் கொடுப்பேன். எலிகளின் பாத வீக்கத்தை அளந்து எழுதிய பிறகுதான், "இப்ப சொல்லுடி, எந்த மிட்டாய் ஜெயிச்சுது?" என்பார்.

முதல் முறை சாறு ஜெயித்தது. வீக்கம் நன்றாகவே வடிந்தது. ஆய்வகமே துள்ளியது. அடுத்த பருவத்தில் அதே இடத்துப் பஞ்சிலிருந்து எடுத்த சாறோ உப்புநீரைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை.

எங்கள் இயக்குநர் நம் தமிழர்தான். "ரெண்டாவது சரக்கு கெட்டிருக்கும் மேடம், விட்டுத்தள்ளுங்க. முதல் முடிவை மட்டும் கட்டுரையில போடுவோம்" என்றார்.

"கெட்டிருந்தா கெட்டதுன்னு எழுதுவோம் சார். வலியில துடிக்கிறவங்க நம்பிடுவாங்க. ரெண்டையும் போடாம என் பேரு வராது" என்றார் மங்களா.

அவ்வளவுதான். அவருடைய மாணவர்களை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். முடக்குவாதத்தில் முழங்கால் வீங்கியிருந்தவருக்கு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி அறை! படிக்கட்டில் மூச்சு வாங்க நிற்கும்போது வங்காளிப் பெண்கள், "மங்களாதி, ரொம்ப வலிக்குதா?" என்று அக்கா முறை வைத்து அவர்கள் மொழியில் கேட்பார்கள். "வலிக்கு மருந்து தேடுறவளுக்கு வலி தெரியணுமில்ல?" என்று என்னிடம் தமிழில் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

இரங்கல் கூட்டத்துக்குச் சற்று முன் இயக்குநர் என்னைத் தனியே அழைத்தார். முதல் முடிவை மட்டும் வைத்துக் கட்டுரை தயாராம். மங்களாவின் பெயர்தான் முதலில். இறந்தவருக்குப் பதிலாக, உடன் எழுதியவள் என்ற முறையில் நான் சம்மதம் தர வேண்டுமாம்.

"அவங்களுக்கு நாம செய்யற மரியாதைம்மா. இனிமே யாரு மறுக்கப் போறா?"

பாவி மனிதர், அதைச் சொல்லும்போது கண்கூடக் கலங்கியிருந்தார். நான் எழுந்து மண்டபத்துக்கு நடந்தேன்.

கூட்டத்தில் ரஜனிகந்தா என்னும் சம்பங்கி மாலைக்குள் மங்களாவின் படம். "கடற்பஞ்சில் வலிமருந்து கண்டவர்" என்று இயக்குநர் புகழ்ந்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். பிறகு என்னைப் பேச அழைத்தார்கள். தயாரித்திருந்த உரையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"இரண்டாவது சாறு வேலை செய்யவில்லை. அதை மறைக்க மங்களா மறுத்தார். அவருக்காக இப்போது நான் மறுக்கிறேன்" என்றேன்.

இயக்குநர் வந்து மைக்கை அணைத்தார். நான் படத்தருகே போய்க் கைகூப்பினேன்.

போய் வாருங்கள், மங்களா. நான் இருக்கும்வரை உங்கள் பெயரில் பொய் வராது.